தஞ்சை தந்த கணக்கர்: ஜே.சி. குமரப்பா

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல்)

காவிரி பாயும் நம் தஞ்சைத் தரணிக்கு நெற்களஞ்சியம் என்று ஒரு பெயர் உண்டு. நெல்லை மட்டுமா இம்மண் விளைவித்தது? இசைவாணர்களை விளைவித்தது; சிற்பிகளை விளைவித்தது; எண்களோடு விளையாடிய இராமானுசனைக் கும்பகோணத்துத் தெருவில் வளர்த்தது. எண்களைக் கையாண்ட இன்னொருவரையும் இம்மண் பெற்றெடுத்தது. அவர் எண்ணியது கணிதத்தின் எண்களை அல்ல; ஏழையின் வீட்டு வரவு செலவை. அவரே காந்தியப் பொருளியல் அறிஞர் என்று நாடு போற்றும் ஜே.சி. குமரப்பா. அவர் பெயரை அறிந்தவர் பலர். அவர் நம்மைப் பார்த்துக் கேட்ட கேள்வியை நினைவில் வைத்திருப்பவர் சிலரே.

நாம் கடையில் ஒரு பொருளை வாங்கும்போது கொடுக்கும் காசு, அதன் உண்மையான விலைதானா? இதுதான் அந்தக் கேள்வி. பெரிய அங்காடிகளும் கைப்பேசி வழி வியாபாரமும் நம் சிற்றூர்களின் வாசல் வரை வந்துவிட்ட இந்நாளில், அக்கேள்விக்கு நாம் ஒவ்வொருவரும் விடை சொல்லியாக வேண்டும். ஆகவே அம்மனிதரின் வாழ்க்கையைச் சற்று விரிவாகக் காண்போம்.

பிறப்பும் கல்வியும்

1892-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 4-ஆம் நாள் தஞ்சாவூரில் ஒரு கிறித்துவக் குடும்பத்தில் பிறந்தார் குமரப்பா. தந்தையார் அரசின் பொதுப்பணித் துறையில் அலுவலர். வசதிக்குக் குறைவில்லாத குடும்பம். அக்காலத்தில் அவருக்கு வழங்கிய பெயர் ஜோசப் செல்லதுரை கார்னீலியஸ் என்பது. சென்னையில் படித்து முடித்தபின், முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு இலண்டன் சென்று கணக்காயல் பயின்றார். அங்கேயே பணியும் செய்தார். 1919-இல் தாயாரின் விருப்பத்திற்கிணங்கத் தாயகம் திரும்பி, பம்பாயில் தணிக்கைத் தொழிலில் இறங்கினார்.

அந்நாளைய குமரப்பாவைப் பார்த்தவர்கள், இவர் பின்னாளில் கதர் உடுத்திக் கிராமத்துக் குடிலில் வாழ்வார் என்று கனவிலும் எண்ணியிருக்க மாட்டார்கள். நடை, உடை, பேச்சு எல்லாம் ஆங்கில மயம். தொழிலில் நல்ல வருமானம். பிறர் எழுதிய கணக்கில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே அவர் வேலை. அந்தக் கண் அவரை இறுதிவரை விட்டு அகலவில்லை. பார்த்த கணக்கேடுதான் மாறியது.

1927-இல் அமெரிக்கா சென்றார். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகத்தில் பட்டம் பெற்றார். பின்னர் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், பொது நிதியியலில் பெரும்புகழ் பெற்ற பேராசிரியர் செலிக்மனிடம் மாணவரானார். அங்கே ஒரு மாதா கோயிலில், இந்தியா ஏன் ஏழை நாடாயிற்று என்னும் பொருள்பற்றிப் பேசினார். அப்பேச்சு நாளேட்டில் வெளிவந்து பேராசிரியரின் பார்வைக்கு எட்டியது. அதையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொள்ளுமாறு அவர் கூறினார்.

ஆங்கில ஆட்சியின் வரவு செலவுப் புள்ளிகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார் குமரப்பா. வரி யாரிடமிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று ஒரு தணிக்கையாளரின் கண்கொண்டு பார்த்தார். உழவனிடம் பெற்ற பணம் படைச் செலவுக்கும் கடனுக்கும் அயல்நாட்டார் சம்பளத்திற்கும் போவதையும், உழவனுக்குத் திரும்பி வருவது மிகச் சொற்பம் என்பதையும் கண்டார். ஆட்சியாளரின் பக்கமே நின்று பழகிய அந்த மனிதரைத் தேசியவாதியாக்கியது மேடைப் பேச்சு அல்ல, எண்கள்.

சபர்மதியில் ஒரு சந்திப்பு

1929-இல் நாடு திரும்பியதும், தம் ஆராய்ச்சியைக் காந்தியடிகளிடம் காட்ட விரும்பிச் சபர்மதி ஆசிரமம் சென்றார். குறித்த நேரத்திற்குச் சற்று முன்பே போய்விட்டார். மரத்தடியில் சாணமிட்டு மெழுகிய தரையில் முதியவர் ஒருவர் அமர்ந்து இராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். இராட்டையை அதுவரை பார்த்தறியாத குமரப்பா, கைத்தடியை ஊன்றியபடி வேடிக்கை பார்த்து நின்றார். சிறிது நேரத்தில் அம்முதியவர் நிமிர்ந்து, வந்திருப்பவர் குமரப்பாதானா என்று வினவியபோதுதான், அவரே காந்தியடிகள் என்பது விளங்கிற்று. பட்டுக் கால்சட்டை அழுக்காகுமே என்று பாராமல் அப்படியே தரையில் அமர்ந்தார். யாரோ ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்தனர். அதை அவர் ஏற்கவில்லை.

காந்தியடிகள் அவருடைய ஆராய்ச்சியைத் தம் யங் இந்தியா இதழில் தொடராக வெளியிட்டார். அதோடு ஒரு வேலையும் கொடுத்தார். குஜராத்தில் கேடா மாவட்டத்து மாதர் வட்டத்தின் ஊர்களுக்குப் போய், மக்களின் பொருளாதார நிலையை வீடு வீடாக ஆராய வேண்டும் என்பது அவ்வேலை. குமரப்பாவுக்கோ குஜராத்தி மொழி தெரியாது. ஆயினும் குஜராத் வித்யாபீட மாணவர்களை உடன் அழைத்துக்கொண்டு 54 ஊர்களின் நிலையை ஆராய்ந்தார். இந்தியக் கிராமம் ஒன்றின் வரவு செலவு இப்படித்தான் இருக்கிறது என்று புள்ளிவிவரத்தோடு எழுதப்பட்ட தொடக்ககால நூல்களில் அதுவும் ஒன்று. மாணவர்களின் கால்கள் நடந்து எழுதிய நூல் அது என்பதை மாணவர்களாகிய நாம் மனத்தில் கொள்ளலாம்.

அக்காலத்தில்தான் அவர் கார்னீலியஸ் என்ற பெயரை விடுத்து, குமரப்பா என்ற தம் முன்னோரின் பெயரைச் சூடிக்கொண்டார். மதத்தை மாற்றிக்கொள்ளவில்லை. இறுதிவரை ஏசுபிரானின் வழி நின்ற கிறித்துவராகவே வாழ்ந்தார். ஏசுவின் போதனைகளைப் பற்றி நூலும் எழுதினார்.

காசுக்குக் காவல்

1934-ஆம் ஆண்டு ஜனவரி 15-இல் பீகாரைப் பெரும் நிலநடுக்கம் குலுக்கியது. நாடெங்கிலுமிருந்து நிவாரண நிதி குவிந்தது. இராஜேந்திர பிரசாத் தலைமையில் அமைந்த நிவாரணக் குழுவின் கணக்குப் பொறுப்பைக் குமரப்பா ஏற்றார். தொண்டர் ஒருவரின் நாள் உணவுக்குச் சில அணாக்கள் என்று அளவு வைத்தார். காந்தியடிகளும் அவருடன் வந்தவர்களும் அங்கே தங்கியபோது, அவர்களுடைய கூடுதல் செலவை நிவாரண நிதியிலிருந்து கொடுக்க முடியாது என்று மறுத்துவிட்டார். தந்தவர்கள் தந்தது துயருற்ற மக்களுக்காக. பெரியவர்களின் பயணத்திற்காக அன்று என்பது அவர் கட்சி. காந்தியடிகள் கோபம் கொள்ளவில்லை. குமரப்பாவின் மதிப்பு அவரிடம் மேலும் உயர்ந்தது.

ஒரு காசு எங்கிருந்து புறப்பட்டது, யாரைப் போய்ச் சேர வேண்டும் என்று கேட்கும் இந்தக் கண்டிப்புதான் அவருடைய பொருளாதாரக் கொள்கை முழுவதற்கும் வேர்.

மகன்வாடியில் ஒரு பட்டறை

1934-ஆம் ஆண்டின் இறுதியில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் வார்தாவில் தோன்றியது. குமரப்பா அதன் செயலாளரானார். ஜம்னாலால் பஜாஜ் அளித்த தோட்டம், காந்தியடிகளின் உறவினரும் சீடருமான மகன்லால் காந்தியின் பெயரால் மகன்வாடி ஆயிற்று. அங்கே செக்கு ஆடியது. கையால் காகிதம் செய்தார்கள். தேனீ வளர்த்தார்கள். பனைவெல்லம் காய்ச்சினார்கள். அயல்நாட்டு மண்ணெண்ணெயை நம்பியிராமல், ஊரில் ஆட்டிய தாவர எண்ணெயால் எரியும் மகன் தீபம் என்ற விளக்கைச் செய்தார்கள். நம் அறிவியல் மாணவர்கள் இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். பழைய கருவியே போதும் என்று அங்கு யாரும் கைகட்டி இருக்கவில்லை. செக்கைத் திருத்தினார்கள், காளைக்குப் பளு குறையவும் எண்ணெய் கூடவும் என்ன செய்யலாம் என்று சோதனை செய்தார்கள். சிறு தொழிலுக்கும் ஆய்வுக்கூடம் வேண்டும் என்பதே மகன்வாடியின் பாடம்.

எண்ணெய்க் கணக்கை அவர் போட்ட விதத்தைப் பாருங்கள். எள்ளும் கடலையும் ஊரை விட்டுத் தொலைவிலுள்ள ஆலைக்குப் போகின்றன. எண்ணெய் டின்னில் அடைபட்டுத் திரும்பி வருகிறது. விலை சற்றுக் குறைவுதான். ஆனால் புண்ணாக்கு திரும்பி வரவில்லை. மாட்டுக்குத் தீனி போயிற்று. தீனி குறைந்ததால் பாலும் எருவும் குறைந்தன. எரு குறைந்ததால் வயலின் வளம் குறைந்தது. செக்காடியவரின் பிழைப்பும் போயிற்று. அவர் வீட்டில் வாங்கும் சக்தி போனதால், அவருக்குத் துணி விற்ற நெசவாளரின் வரும்படியும் குறைந்தது. இத்தனை நட்டத்தையும் எந்தக் கடைச் சீட்டிலாவது எழுதியிருக்கிறார்களா? சீட்டில் எழுதாத செலவை யாரோ ஒருவர் செலுத்திக்கொண்டுதான் இருக்கிறார் என்பது அவர் கண்ட உண்மை.

அரிசியின் கதை

நெல் விளையும் நாட்டவராகிய நமக்கு அவருடைய அரிசிக் கணக்கு இன்னும் நெருக்கமானது. இயந்திர ஆலைகள் பெருகுவதற்கு முன் உரலும் உலக்கையும் மரத் திரிகையும் நெல்லை அரிசியாக்கின. அதில் கூலி பெற்றவர்கள் பெரும்பாலும் ஏழைப் பெண்கள். ஆலை வந்தபின் அந்தக் கூலி நின்றது. அரிசியோ தீட்டப்பட்டு வெள்ளை வெளேரென்று ஆயிற்று. வெளுப்பு கூடக் கூடச் சத்து குறைந்தது.

இது வெறும் நம்பிக்கை அன்று; அறிவியல் உண்மை. ஜாவாவில் பணியாற்றிய டச்சு மருத்துவர் ஐக்மன், தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகள் நரம்புத் தளர்ச்சியால் நடக்கமாட்டாமல் வீழ்வதையும், தீட்டாத அரிசி கொடுத்ததும் அவை தேறுவதையும் கண்டார். பெரிபெரி நோயின் காரணம் அதன்வழி துலங்கிற்று. 1929-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. தவிட்டோடு போய்விடும் அந்தச் சத்தே தயமின் எனப்படும் பி1 வைட்டமின். நம் நீலகிரியின் குன்னூரில் ஆராய்ச்சி செய்த மக்காரிசன், இந்தியாவின் பல பகுதி உணவுகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். தீட்டிய அரிசியை முதன்மையாகக் கொண்ட சென்னை மாகாண உணவை உண்ட எலிகள், கோதுமை, பால், காய்கறி உண்ட எலிகளைவிட மிகவும் நலிந்திருந்தன. நெல்லை அவித்துப் புழுக்கும்போது அச்சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடும். நம் பாட்டிமார் காரணம் அறியாமலே புழுங்கலரிசியால் நம்மைக் காத்தனர்.

குமரப்பாவின் சங்கம் தீட்டாத அரிசிக்காக ஓயாமல் பிரசாரம் செய்தது. உடல் நலத்தையும் ஏழைப் பெண்ணின் கூலியையும் மாட்டுக்குரிய தவிட்டையும் ஒரே கணக்கேட்டில் அவர் எழுதிப் பார்த்தார்.

வாங்குவோர் கடமை

குமரப்பாவின் கொள்கைகளுள் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது, வாங்குகின்றவருக்குள்ள கடமையைப் பற்றியது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தும் ஒருவன் அதை மலிவாக வாங்கினால், திருட்டில் அவனுக்கும் பங்கு உண்டு என்று ஒப்புக்கொள்கிறோம். அப்படியானால், தொழிலாளியின் வயிற்றிலடித்து மலிவாக்கப்பட்ட பொருளை வாங்குகிறவனுக்கும் அதில் பங்கு இல்லையா? உண்டு என்கிறார் குமரப்பா. வாங்கும் ஒவ்வொரு பொருளோடும், அது உண்டான விதத்திற்கான பொறுப்பும் நம் வீட்டுக்கு வருகிறது.

அப்படியென்றால் உலகத்தின் எந்த மூலையிலோ செய்த பொருளுக்கு நாம் எப்படிப் பொறுப்பேற்க முடியும்? முடியாது. அதனால்தான் கண்ணுக்கெட்டிய வட்டத்திற்குள் வாங்குங்கள் என்றார் அவர். பக்கத்துத் தெருச் செக்கில் கலப்படம் நடந்தால் நமக்குத் தெரியும். பக்கத்துத் தறியில் சிறுவனை வேலை வாங்கினால் நமக்குத் தெரியும்; போய்க் கேட்கவும் முடியும். ஊர்ப்பொருளை வாங்குவது ஊர்ப்பற்று என்ற உணர்ச்சியால் மட்டும் அன்று. பொறுப்பேற்கக்கூடிய எல்லைக்குள் வாழவேண்டும் என்ற அறத்தால். சுதேசியத்திற்கு இப்படி ஒரு கணக்கர் கூறும் விளக்கத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

மற்றொன்றையும் அவர் விளக்கினார். பணம் கெடாது, பொருள் கெடும். வாழைப்பழம் விற்கும் பெண்ணுக்குப் பொழுது சாய்வதற்குள் கூடை காலியாக வேண்டும். நாணயத்தைக் கையில் வைத்திருப்பவனோ நாளை வரை காத்திருக்கலாம். ஆகவே பேரத்தில் தோற்பவள் எப்போதும் அவளே. கையிருப்பு உள்ளவன் எவ்வளவு பெரியவனோ, அவ்வளவு நாள் அவன் காத்திருப்பான். ஆறு மாதம் நட்டத்திற்கு விற்று, எதிரே உள்ள சிறு கடையை மூட வைத்துவிட்டுப் பிறகு விலையை ஏற்றக்கூடிய வலிமை பெரிய முதலுக்கு உண்டு. இந்நாட்டில் பெருவணிகத்தின் தள்ளுபடிகளைக் காணும்போது இந்த வாழைப்பழக் கூடை எனக்கு நினைவு வருகிறது.

சிறையில் பிறந்த நூல்

விடுதலைப் போரில் குமரப்பா பலமுறை சிறை புகுந்தார். யங் இந்தியா இதழின் பொறுப்பேற்று எழுதியதற்காக 1931-இல் சிறை. 1932-இல் மீண்டும் சிறை. இரண்டாம் உலகப் போரின்போது அரசு காகிதப் பணத்தை அச்சடித்துக் கொடுத்து மக்களின் உணவையும் பொருளையும் அள்ளிச் செல்வதைக் கண்டித்து, அப்பம் கேட்டவர்க்குக் கல்லைக் கொடுக்கும் கதையாயிற்று என்று எழுதியதற்காக மீண்டும் சிறை. ஜபல்பூர்ச் சிறையில் உடல்நலம் குன்றிய நிலையில் அவர் எழுதியதே, நிலைத்த பொருளாதாரம் என்று பொருள்படும் தலைப்புடைய புகழ்பெற்ற நூல். 1945-இல் காந்தியடிகளின் முன்னுரையோடு அது வெளிவந்தது.

இயற்கையைப் பார்த்து அவர் பொருளாதாரங்களை ஐந்தாக வகுத்தார். கொன்று தின்னும் புலி ஒரு வகை. நட்டு வளர்க்காமல் தோப்பில் புகுந்து பழம் பறிக்கும் குரங்கு ஒரு வகை. தன் கூட்டைத் தானே கட்டும் பறவை ஒரு வகை. கூட்டத்திற்காகத் தேன் சேர்க்கும் தேனீ ஒரு வகை. பலன் கருதாமல் குஞ்சுக்கு இரையூட்டும் தாய்ப்பறவை ஒரு வகை. மனிதன் புலி நிலையிலிருந்து தாய்ப்பறவை நிலைக்கு ஏறவேண்டும் என்பது அவர் துணிபு. நிலக்கரியும் பெட்ரோலும் எடுக்க எடுக்கத் தீரும். மரமும் பயிரும் ஆண்டுதோறும் தளிர்க்கும். தீர்ந்துபோகும் பொருளை நம்பிய நாகரிகம் சண்டையில்தான் முடியும் என்று 1945-லேயே எச்சரித்தார்.

1973-இல் சூமாக்கர் என்னும் பொருளியல் அறிஞர் சிறியதே அழகு என்ற கருத்தை உலகுக்குச் சொன்ன நூலை வெளியிட்டார். அந்நூல் குமரப்பாவை எடுத்துக்காட்டுகிறது. தஞ்சையில் பிறந்தவரின் சிந்தனை அவ்வழியே உலகைச் சுற்றி வந்தது.

விடுதலைக்குப் பின்

1938-இல் நேருவின் தலைமையில் அமைந்த தேசியத் திட்டக் குழுவில் குமரப்பாவும் இடம்பெற்றார். குழு பெருந்தொழில் பக்கமே சாய்வதைக் கண்டு சில மாதங்களில் விலகிவிட்டார். விடுதலைக்குப் பின் காங்கிரஸ் அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். இடைத்தரகர் இல்லாத உழவும், நில உடைமைக்கு உச்சவரம்பும் வேண்டும் என்று 1949-இல் அக்குழு அறிக்கை தந்தது. பண்ணையாள் முறையில் வாடிய காவிரிப் படுகைக்கு அந்த அறிக்கையின் பொருள் எவ்வளவு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நண்பர்கள் பலர் பதவிகளில் அமர்ந்தனர். குமரப்பாவோ கிராமத்திற்கே திரும்பினார். இறுதி ஆண்டுகளை மதுரை மாவட்டம் தே.கல்லுப்பட்டியில் உள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். அவருடைய சிறு குடிலில் ஏழை உழவர் ஒருவரின் படம் இருந்ததாம். காந்தியடிகள் தம் ஆசான் என்றும், அந்த ஆசானுக்கும் ஆசான் இந்த உழவரே என்றும் வருவோரிடம் அவர் கூறுவாராம். 1960-ஆம் ஆண்டு ஜனவரி 30-இல், காந்தியடிகள் மறைந்த அதே நாளில், அவரும் மறைந்தார். அவர் மணம் செய்துகொள்ளவில்லை. சொத்தும் சேர்க்கவில்லை.

அவர் சொன்னவை எல்லாம் சரிதானா?

ஒரு பெரியாரைப் போற்றுவது வேறு. கண்மூடித் தலையாட்டுவது வேறு. நம் தாய்மார் மீண்டும் உலக்கை பிடிக்க வேண்டும் என்று யார் சொன்னாலும் நாம் ஏற்கப்போவதில்லை. அது எத்தகைய உழைப்பு என்பது குத்தியவர்களுக்குத்தான் தெரியும். குமரப்பாவும் எல்லா இயந்திரத்தையும் வெறுத்தவர் அல்லர். இரயில், தபால் போன்றவை பெரிய அளவில்தான் நடக்க முடியும், அவை பொதுவுடைமையாக இருக்கட்டும் என்றே கருதினார். சிறியவை எல்லாம் நல்லவை என்றும் சொல்லிவிட முடியாது. எடையில் குறைக்கும் சிறு கடையும் உண்டு. ஏழை என்றால் பழைய சரக்கைத் தள்ளிவிடும் கடையும் உண்டு. ஆள்வைத்து வேலை வாங்கிக் கூலியைக் குறைக்கும் சிறு முதலாளியும் உண்டு. ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. சிறு கடைக்காரரை நாளைக் காலையில் நேரில் பார்த்துக் கேட்கலாம். பெரிய அங்காடியின் முதலாளியை எங்கே போய்ப் பார்ப்பது?

நம் கடைத்தெருவில் நின்று பார்ப்போம்

குடவாசல் கடைத்தெருவுக்கு இந்தக் கணக்கைக் கொண்டுவருவோம். 2012-இல் பலசரக்குச் சில்லறை வணிகத்தில் 51 விழுக்காடு வரை அயல்நாட்டு முதலீட்டை மத்திய அரசு அனுமதித்து, முடிவை மாநிலங்களிடம் விட்டது. தமிழகம் அன்று அதை ஏற்க மறுத்தது. ஆனால் பெருவணிகம் வர அயல்நாட்டு முதல்தான் வேண்டுமா? உள்நாட்டு முதலும் இணையவழியும் போதும். கைப்பேசியில் தொட்டால் சோப்பும் சேலையும் வீட்டு வாசலுக்கு வருகின்றன. நம் வயலில் விளைந்து வியாபாரி கைமாறிப் போன நெல், பளபளக்கும் பையில் புதுப்பெயரோடு திரும்பி வந்து நமக்கே விற்பனையாகிறது. புவிசார் குறியீடு பெற்ற நாச்சியார்கோயில் குத்துவிளக்கை, கூப்பிடு தூரத்தில் வார்க்கும் கைவினைஞரிடம் கேட்காமல், எங்கோ அச்சில் அடித்த விளக்கைத் திரையில் தேடுகிறவர்களும் நம்மிடையே உண்டு.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். நான் சேர்ந்த ஆண்டு வீட்டுக் கையிருப்பு முழுவதும் சேர்க்கைச் செலவுக்குப் போயிற்று. அடுத்த இரண்டு மாத மளிகை எங்கள் தெரு முனைக் கடையின் பற்று நோட்டில் ஏறி நின்றது. குறுவை அறுத்த பிறகே அது தீர்ந்தது. ஜாமீன் கேட்கவில்லை; வட்டி கேட்கவில்லை; என் படிப்பு எப்படிப் போகிறது என்று மட்டும் கேட்டார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வீசி மின்சாரமின்றி ஊர் இருண்டு கிடந்த நாட்களில், கையில் பணமில்லாதவர்க்கும் மெழுகுவத்தியும் அரிசியும் எடுத்துக் கொடுத்தவை இத்தகைய கடைகளே. எந்த இணைய வணிகத்தின் கணக்குப்பொறிக்கும் அந்த நோட்டில் எழுதத் தெரியாது.

ஆனால் இன்று ஊர்தோறும் ஒரு புதுப்பழக்கம் வளர்கிறது. கடன் சொல்ல வேண்டுமானால் தெருமுனைக் கடை. கையில் காசு இருந்தால் டவுனிலுள்ள பெரிய கடை. அறுவடைப் பணமும் போனஸ் பணமும் பெரிய கடைக்குப் போகின்றன. பற்று மட்டும் சின்னக் கடையில் நிற்கிறது. ரொக்கம் வராத கடை எத்தனை நாள் கடன் கொடுக்கும்? அது ஒருநாள் கதவைச் சாத்தும்போது, ஒரு வியாபாரி மட்டும் நட்டப்படுவதில்லை. விளைச்சல் பொய்த்த ஆண்டில் சாய்ந்துகொள்ள ஊருக்கு இருந்த ஒரு தூணும் சாய்கிறது. தள்ளுபடியில் மிச்சமான பத்து ரூபாய்க்கு எதிரே இந்த நட்டத்தையும் எழுதிப் பார்க்கவேண்டும். குமரப்பா இருந்திருந்தால் அந்தக் கணக்கேட்டைத்தான் முதலில் கேட்டு வாங்கியிருப்பார்.

மாணவத் தோழர்களே! எல்லாவற்றையும் ஊரிலேயே வாங்குவது இன்று ஆகாத காரியம். நாம் படிக்கும் புத்தகமும் கையிலுள்ள கைப்பேசியும் வெளியிலிருந்து வந்தவையே. ஊரில் கிடைக்கும் பொருளையாவது, ரொக்கம் இருக்கும் நாளிலும் ஊர்க்கடையில் வாங்கலாமே! அரிசி, எண்ணெய், காய்கறி, மீன், கைத்தறித் துண்டு, தையற்கூலி இவற்றில் தொடங்கினாலும் போதும். எடை குறைந்தால் தட்டிக் கேட்போம். சரக்கு நன்றாயிருந்தால் நாலு பேரிடம் சொல்வோம். வேதியியல் படிப்பவர் செக்கெண்ணெயின் தரத்தைச் சோதித்துச் சொல்லலாம். வணிகவியல் படிப்பவர் சிறு கடைக்காரருக்குக் கணக்கு எழுதக் கற்றுக் கொடுக்கலாம். படித்தவர் செய்யக்கூடிய உதவி அது.

இலண்டனும் நியூயார்க்கும் கற்பித்த கணக்கைக் கொண்டுவந்து ஏழையின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து எழுதியவர் குமரப்பா. பட்டம் பெற்றபின் நம்மில் பலர் வெளியூர் போவோம், போகத்தான் வேண்டும். எங்கே போனாலும், ஒரு பொருளை வாங்கக் கை நீளும்போது, இந்தக் காசு யார் வீட்டுக்குப் போகிறது என்று ஒரு கணம் நின்று கேட்போமாக. அப்படிக் கேட்பதே தஞ்சை தந்த அக்கணக்கருக்கு நாம் செலுத்தும் நன்றிக் கடன்.